பெண்கள் விளையாட்டில் வருமானம் குறைந்தது எப்படி? ஓர் எளிய விளக்கம்

விளையாட்டில் பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையான ஊதியம் என்ற செய்தி எப்போது வந்தாலும், உடனே ஒரு கேள்வியும் எழுந்துவிடுகிறது. பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை, வருமானமும் இல்லை, பிறகு சம ஊதியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அது. இதைக் கேட்பவர்களில் பலர் பெண்களை மட்டம்தட்டும் நோக்கத்தோடு கேட்பதில்லை. கணக்குப் பார்த்துப் பேசுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் பெண்கள் போட்டிகளின் வருமானம் இன்றைக்குக் குறைவுதான் என்பதும் உண்மை. ஆனால் அந்த வருமானம் ஏன் குறைவாக இருக்கிறது, அதைக் குறைவாக வைத்திருப்பது எது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த அடுத்த கேள்வியைப் பற்றியது.

வயலும் மடையும்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஐம்பது ஆண்டுகளாக வாய்க்கால் நீர் தடையில்லாமல் பாய்ந்து வந்திருக்கிறது. எருவும் ஆள்பலமும் அதற்கே கிடைத்திருக்கின்றன. மற்றதன் மடை அதே ஐம்பது ஆண்டுகளும் அடைபட்டே கிடந்தது. ஒருநாள் அந்த மடையைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்தப் போகத்திலேயே இரண்டு வயல்களின் மகசூலையும் அளந்து, "இரண்டாவது வறண்ட நிலம், இதற்கு இந்தத் தண்ணீரே அதிகம்" என்று ஒருவர் முடிவு சொல்கிறார். அவர் அளந்த அளவில் பிழையில்லை. அந்த அளவைக் கொண்டு மண்ணின் தரத்தைத் தீர்மானித்ததுதான் பிழை.

இரண்டு வயல்களின் மண்ணும் ஒன்றாக இல்லையே, ஆண்களின் உடல் வேகமும் வலுவும் கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். வேகத்தில் வேறுபாடு இருப்பது உண்மைதான், ஆனால் பார்வையாளர் காசு கொடுப்பது வேகத்துக்கு மட்டுமே என்பது உண்மையில்லை. குத்துச்சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்குறைந்த பிரிவின் சாம்பியனால் கனரகப் பிரிவின் நடுத்தர வீரரைக்கூட வெல்ல முடியாமல் போகலாம். ஆனாலும் 2015 இல் ஃபிலாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவோவும் மோதிய போட்டி அதுவரை நடந்த குத்துச்சண்டைகளிலேயே மிக அதிக வருமானம் ஈட்டியது. அது கனரகப் பிரிவுப் போட்டியன்று. சமவலு கொண்ட இருவர் மோதும்போது முடிவு என்னவாகும் என்ற பதைப்பும், அந்த இருவரைப் பற்றி நமக்குத் தெரிந்த கதைகளும்தான் கூட்டத்தை இழுக்கின்றன. கதைகள் மக்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், யாராவது அவற்றைத் தொடர்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

மடை அடைபட்ட வரலாறு

1920 டிசம்பர் 26 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் கால்பந்து அணிகள் மோதின. பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் லேடீஸ் ஓர் அணி, செயின்ட் ஹெலன்ஸ் மற்றொன்று. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். ஆக, "பார்க்க ஆளில்லை" என்ற வாதம் நூறாண்டுகளுக்கு முன்பே பொய்த்துப்போயிருந்தது.

ஓராண்டுகூட முழுதாகக் கடக்கவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டன்று என்று கூறி, தன்னைச் சேர்ந்த கழகங்கள் எதுவும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று அது சொல்லவில்லை. பூங்காவிலோ திறந்தவெளியிலோ ஆடிக்கொள்ளலாம். ஆனால் இருக்கையும் நுழைவாயிலும் நுழைவுச்சீட்டு விற்கும் வசதியும் கொண்ட மைதானங்கள் எல்லாம் அந்தக் கழகங்களின் கையில் இருந்தன. ஒரு விளையாட்டை ஒழிக்க ஆட்டத்தையே தடைசெய்ய வேண்டியதில்லை, கூட்டம் உட்காரும் இடத்தைப் பறித்தாலே போதும். இந்தத் தீர்மானம் விலக்கப்பட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அந்த ஐம்பது ஆண்டுகளில் ஆண்களின் கால்பந்துக்கு என்னென்ன கிடைத்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1927 இல் வானொலி நேரடி வருணனை தொடங்கியது. 1930 இல் முதல் உலகக் கோப்பை நடந்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது. தந்தை மகனைத் தோளில் சுமந்து மைதானத்துக்கு அழைத்துப்போகும் வழக்கம் மூன்று தலைமுறைகளுக்கு வேரூன்றியது. பெண்கள் கால்பந்து இவை அனைத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 முதல் 1970 வரை இதே போன்ற தடையை வைத்திருந்தது. பிரேசிலில் 1941 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, பெண்களின் இயல்புக்குப் பொருந்தாதவை என்று கருதப்பட்ட விளையாட்டுகளை அவர்களுக்கு மறுத்தது. அது 1979 வரை நீடித்தது. கால்பந்தையே மூச்சாகக் கொண்ட நாடு என்று நாம் வியக்கும் பிரேசிலில், மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு அந்த மூச்சு சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தது.

ஓட்டப்பந்தயத்திலும் இதுவே நடந்தது. 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்து சிலர் களைத்துத் தரையில் அமர்ந்ததைப் பத்திரிகைகள் பெரும் அவலமாக ஊதி எழுதின; அந்தப் போட்டியே நீக்கப்பட்டு, 1960 இல்தான் திரும்பி வந்தது. பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984 வரை இல்லவே இல்லை. ஆண்களுக்கோ அது 1896 இலேயே இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், பெண்கள் விளையாட்டின் சிறிய சந்தை தானாக அமைந்ததன்று. கூட்டம் சேர்ந்த இடத்தில்கூட அந்தக் கூட்டம் கலைக்கப்பட்டது. தடை நீங்கிய பிறகு, அதே அமைப்புகளின் வாரிசுகள் "உங்களுக்குக் கூட்டம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பணம் எந்த வழியாக வருகிறது

இன்றைய தொழில்முறை விளையாட்டில் நுழைவுச்சீட்டுக் காசு ஒரு பகுதிதான். பல பெரிய விளையாட்டுகளில் ஒளிபரப்பு உரிமைதான் முதன்மையான வருவாய். ஒரு போட்டியைக் காட்டும் தனியுரிமையைத் தொலைக்காட்சி அல்லது இணைய நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்பதே ஒளிபரப்பு உரிமை. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வாங்குபவர் கணிக்கிறாரோ அதைப் பொறுத்து அதன் விலை அமைகிறது. இந்தக் கணிப்பு பழைய எண்களிலிருந்து வருகிறது. பகல் வேளையில், யாரும் பார்க்காத சேனலில், இரண்டே கேமராக்களோடு காட்டப்பட்ட ஆட்டத்தின் பழைய எண் சிறியதாகத்தான் இருக்கும். எண் சிறியதாக இருப்பதால் விலை குறைகிறது. விலை குறைவதால் அடுத்த முறையும் அதே வேளை, அதே சேனல், அதே இரண்டு கேமராக்கள் என்று சுழல்கிறது. இந்தச் சுழலில் தீயவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள், ஆனாலும் முடிவு அநீதியாகிறது.

இதைவிடக் கண்ணில் படாத இன்னொன்று தொகுப்பு விற்பனை. பல போட்டிகளின் உரிமைகளை ஒரே கட்டாகக் கட்டி ஒரே விலைக்கு விற்பதை அப்படிச் சொல்வார்கள். அப்படி விற்கும்போது எந்தப் போட்டிக்கு எவ்வளவு என்று தனிவிலையே எழுதப்படுவதில்லை. பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தின் உரிமை நெடுங்காலம் ஆண்கள் உலகக் கோப்பை உரிமையோடு இலவச இணைப்பைப் போல ஒட்டியே விற்கப்பட்டது. 2023 போட்டிக்குத்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அதைத் தனியாக விற்க முற்பட்டது. தனிவிலை இல்லாதவரை, அந்தப் போட்டி எதுவும் ஈட்டவில்லை என்று சொல்வது எளிது. அதை மறுக்கக் காகிதத்தில் எண்ணே இருக்காது.

தனிவிலை போட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து நல்ல சான்று. அது தொழில்முறை விளையாட்டு இல்லையென்றாலும் அதன் வணிகம் மிகப் பெரியது. பெண்கள் கூடைப்பந்துப் போட்டி, மற்ற பல சாம்பியன்ஷிப் போட்டிகளோடு சேர்த்து ஒரே கட்டாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 3.4 கோடி டாலருக்கு விற்கப்பட்டு வந்தது. 2021 இல், பயிற்சிக்கூடத்தில் பெண்களுக்கென வைக்கப்பட்டிருந்த ஒரே ஓர் எடை அடுக்கை ஒரு வீராங்கனை காணொளியாக எடுத்து வெளியிட்டார். ஆண்களுக்கோ ஒரு மண்டபம் நிறையக் கருவிகள் இருந்தன. அதனால் எழுந்த கொதிப்பில் அமர்த்தப்பட்ட வெளி ஆய்வு, பெண்கள் கூடைப்பந்தைத் தனியாக விற்றால் 2025 முதல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று மதிப்பிட்டது. மொத்தக் கட்டின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! 2024 இல் நடந்த பெண்கள் இறுதியாட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 50 லட்சத்துக்கும் குறைவு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வருமானம் என்பது ரசிகர்களின் விருப்பத்தை மட்டும் காட்டும் கண்ணாடியன்று. எந்த நேரத்தில் காட்டுகிறார்கள், எப்படி விற்கிறார்கள், யாருடைய கணக்கில் எழுதுகிறார்கள் என்பவையும் அதில் அடங்கியிருக்கின்றன.

ஊதியம் என்று எதைச் சொல்கிறோம்

பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன, ஏனென்றால் ஊதியம் என்ற ஒரே சொல்லுக்குள் தனித்தனியான பல தொகைகளைப் போட்டுப் பேசுகிறோம். போட்டியில் பெற்ற இடத்துக்காகக் கிடைப்பது பரிசுத்தொகை. அதைக் கொடுப்பவர் போட்டியை நடத்துபவர். நாட்டுக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கிடைப்பது போட்டி ஊதியம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆண்டு முழுவதற்கும் தரப்படும் நிலையான தொகை ஆண்டு ஒப்பந்தம். கழகமோ லீக் அணியோ தருவது சம்பளம். இவற்றில் ஒன்று சமமாகிவிட்டால் எல்லாமே சமமாகிவிட்டதாகச் செய்தி பரவுகிறது.

இந்தியக் கிரிக்கெட்டை வைத்து இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே போட்டி ஊதியத்தை அறிவித்தது. டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20 ஆட்டத்துக்கு 3 லட்சம். உலக அளவில் பாராட்டத்தக்க அறிவிப்பு அது. நானும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் ஆண்களுக்கான உயர்ந்த ஆண்டு ஒப்பந்தம் 7 கோடி ரூபாய், பெண்களுக்கான உயர்ந்த ஒப்பந்தம் 50 லட்சம். மேலும், போட்டி ஊதியம் கிடைக்க முதலில் போட்டி நடக்க வேண்டும். 2014 நவம்பரிலிருந்து 2021 ஜூன் வரை இந்தியப் பெண்கள் அணி ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடவில்லை, ஆறரை ஆண்டுகளாக அவர்களுக்கு அட்டவணையில் இடமே இல்லாமல் இருந்தது. சம ஊதியம் அன்றே இருந்திருந்தாலும் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு டெஸ்ட் ஆடிக் கிடைத்திருக்கக்கூடிய தொகை சுழியம்தான். பெண்கள் ஐபிஎல் போன்ற லீக்கை ஆதரிக்கச் சந்தை இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது. ஆண்கள் லீக் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2023 இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஐந்து அணிகளின் உரிமை 4,669.99 கோடி ரூபாய்க்கும், ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கும் போயின. சந்தை இல்லாமல் இல்லை, அதைத் திறந்து பார்த்தவர்தான் இல்லை.

வருமானமே வேறாக இருக்கும் இடங்களில் வருவாய்ப் பங்கு என்ற அளவுகோல் நேர்மையானது. மொத்த வருவாயில் எத்தனை விழுக்காடு ஆடுபவர்களுக்குப் போகிறது என்பதுதான் அது. 2024 இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் சேர்ந்த, கல்லூரி ஆட்டத்திலேயே நாடறிந்த நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர் என்றதும் பலர் அதிர்ந்தார்கள். வேறு பலர், ஆண்கள் லீக்கின் வருமானம் எத்தனையோ மடங்கு ஆயிற்றே என்றார்கள். வீராங்கனைகள் கேட்டது ஆண்கள் பெறும் அதே தொகையை அன்று. ஆண்கள் லீக்கில் கூடைப்பந்து வருவாயில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குப் போகிறது. 2020 இல் கையெழுத்தான பெண்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு அதைவிட மிகமிகக் குறைவாக இருந்தது. சிறிய ரொட்டியாக இருந்தாலும் அதில் தங்களுக்கு அதே அளவு துண்டு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கையாக இருந்தது, இதற்கு "பார்க்க ஆளில்லை" என்பது பதிலாகாது.

நீண்ட ஆட்டம், குறுகிய ஆட்டம்

டென்னிஸ்தான் சம பரிசுத்தொகைக்கு முன்னோடி. 1970 இல் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் ஆண் சாம்பியனுக்கு 12,500 டாலரும் பெண் சாம்பியனுக்கு 1,500 டாலரும் என்று அறிவிக்கப்பட்டபோது, பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் அதைப் புறக்கணித்து, தலைக்கு ஒரு டாலர் என்ற அடையாள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி ஆடினார்கள். 1973 இல் யு.எஸ். ஓபன் சம பரிசு தந்தது. விம்பிள்டன் அதைத் தர 2007 ஆயிற்று.

கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட் வரைதான், பிறகு எப்படிச் சமம் என்பது இன்றும் கேட்கப்படும் எதிர்வாதம். ஆனால் எந்த விளையாட்டிலும் மணிக்கணக்குக்குக் கூலி தரப்படுவதில்லை. இறுதியாட்டத்தை ஒன்றரை மணியில் முடித்த ஆண் சாம்பியனும், ஐந்து மணி நேரம் போராடி வென்ற சாம்பியனும் ஒரே காசோலையைத்தான் வாங்குகிறார்கள். மூன்று செட் என்பது நடத்துபவர்கள் வகுத்த விதி. ஐந்து செட் ஆட முடியாது என்று வீராங்கனைகள் மறுத்ததால் வந்ததன்று.

காசோலைக்கு வெளியே

ஊதியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அன்றாடம் உடம்பில் படும் வேறுபாடுகள் விட்டுப்போகும். 2015 இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து முழுவதும் செயற்கைப் புல்லில் நடத்தப்பட்டது. பிளாஸ்டிக் இழைகளும் நடுவே கறுப்பு ரப்பர்த் துகள்களும் நிரப்பிய தரை அது. வெயிலில் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். எட்மண்டனில் தொடக்க நாளன்று தரையின் வெப்பம் ஏறத்தாழ 49 பாகை செல்சியஸ் என்று அளக்கப்பட்டது. பந்துக்காகச் சறுக்கி விழுந்தால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரியும். அப்படி உரிந்து இரத்தம் கசிந்த தன் கால்களின் படத்தை அமெரிக்க வீராங்கனை சிட்னி லெரூ 2013 இலேயே வெளியிட்டிருந்தார். உலகின் முன்னணி வீராங்கனைகள் கனடாவின் ஒன்டாரியோ மாநில மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள், ஆனாலும் தரை மாறவில்லை. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிச்சுற்று எதுவும் அதுவரை முழுக்கச் செயற்கைப் புல்லில் நடத்தப்பட்டதில்லை.

பயணம் வேறொரு கதை. 2021 இல் நியூயார்க் லிபர்ட்டி என்ற பெண்கள் கூடைப்பந்து அணியின் உரிமையாளர்கள், தங்கள் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அனுப்பினார்கள் என்பதற்காக லீக் அவர்களுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எல்லா அணிகளாலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதால் எவரும் செய்யக்கூடாது என்பது விதி. ஆறடிக்கு மேல் உயரமான பெண்கள் சாதாரண விமானத்தின் நடு இருக்கையில் முழங்காலை மடக்கி அமர்ந்து போய், மறுநாள் ஆடினார்கள். 2024 இல்தான் லீக் முழுவதற்கும் தனி விமானம் வந்தது.

உடை விதியும் அப்படித்தான். 2021 இல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகள் பிகினிக் கீழாடைக்குப் பதில் அரைக்கால் சட்டை அணிந்து ஆடியதற்காக அவர்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆண்கள் அதே விளையாட்டை அரைக்கால் சட்டையோடுதான் ஆடிவந்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு விதி அதே ஆண்டு மாற்றப்பட்டது.

தாய்மை இன்னும் ஆழமாகப் பாதிக்கிறது. கால்பந்தில் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பும் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஊதியமும் தரவேண்டும் என்ற உலகளாவிய விதி 2021 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வந்த பிறகும், ஐஸ்லாந்தின் சாரா பியார்க் குன்னார்ஸ்டோட்டிர் தன் கர்ப்பகாலச் சம்பளத்துக்காகப் பிரான்சின் லியோன் கழகத்தின் மேல் ஃபிஃபா தீர்ப்பாயத்தில் வழக்காடித்தான் வெல்ல வேண்டியிருந்தது. முழங்கால் தசைநார்க் கிழிவு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது என்பது நெடுநாளாகத் தெரியும். ஆனால் விளையாட்டு மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்களின் உடலை வைத்தே நடந்திருக்கின்றன, காலணிகள்கூட ஆண்களின் பாத அச்சிலிருந்தே நெடுங்காலம் வார்க்கப்பட்டன.

இவற்றில் தரையையும் விமானத்தையும் உடையையும் பற்றிய முடிவுகள் கூட்டம் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தவை அல்ல. நிர்வாக அறையில் அமர்ந்திருப்பவர்கள் எழுதிய விதிகள் அவை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பயிற்சியாளர்களில் பெண்கள் 13 விழுக்காடு மட்டுமே என்றால், அந்த அறைகளிலும் அவர்கள் எவ்வளவு இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

சமம் என்ற செய்தியை எப்படிப் படிப்பது

அமெரிக்கக் கால்பந்து வழக்கு இதற்கு நல்ல பயிற்சி. 2014 உலகக் கோப்பையில் கடைசி 16 அணிகளோடு வெளியேறிய அமெரிக்க ஆண்கள் அணிக்காக அந்நாட்டுச் சங்கத்துக்குக் கிடைத்தது 90 லட்சம் டாலர். மறு ஆண்டு உலகக் கோப்பையையே வென்ற பெண்கள் அணிக்காகக் கிடைத்தது 20 லட்சம். இந்தத் தொகைகளைத் தீர்மானித்தது ஃபிஃபா. வீராங்கனைகள் 2019 இல் தங்கள் நாட்டுச் சங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2022 இல் 2.4 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு போட்ட ஒப்பந்தம், ஃபிஃபாவின் பாகுபாட்டை நாட்டுக்குள்ளேயே ஈடுகட்ட ஒரு வழி கண்டது. இரு அணிகளும் உலகக் கோப்பையில் பெறும் பரிசுத்தொகையை ஒரே பொதுநிதியில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்பதே அது. ஆண் வீரர்களும் இதற்கு இசைந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கையிலிருந்து போகும் பணம் அது.

ஆனால் இதை வைத்துக் கால்பந்தில் சமம் வந்துவிட்டது என்று எழுதினால் தவறாகும். நாட்டு அணிக்கு ஆடும்போது மட்டும்தான் இது பொருந்தும். கழகச் சம்பளத்தை இது தொடாது. ஃபிஃபாவின் பரிசு 2023 பெண்கள் போட்டிக்கு 11 கோடி டாலராக உயர்ந்தது. 2015 இல் அது வெறும் 1.5 கோடி என்பதை நினைத்தால் பெரிய ஏற்றம்தான், ஆனாலும் 2022 ஆண்கள் போட்டிக்குத் தந்த 44 கோடியில் அது கால் பங்கு. ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தி கண்ணில் படும்போது, சமமானது எந்தத் தொகை, அதைக் கொடுப்பவர் யார், ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்களுக்கு அது கிடைக்கும், அந்த ஆட்டங்கள் எந்த நேரத்தில் எந்தத் திரையில் காட்டப்படும் என்பவற்றைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டுக்கான விடை செய்தியிலேயே இருக்கும், மற்ற இரண்டும் போட்டி அட்டவணையில் இருக்கும்.